பிரெக்ஸிட் மீன்பிடி ஒப்பந்தம்: நண்டுக் கூடு வைப்பவருக்கும் மட்டி எடுப்பவருக்கும் என்ன கிடைத்தது?

கரையோரன்

2025 மே மாதம் லண்டனில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஐரோப்பியப் படகுகள் பிரிட்டிஷ் கடலில் மீன் பிடிக்கும் அனுமதி 2038 ஜூன் 30 வரை நீள்கிறது. 2020 டிசம்பர் 24 அன்று முடிவான பிரெக்ஸிட் வணிக ஒப்பந்தப்படி இந்த ஏற்பாடு 2026 ஜூன் 30-உடன் முடிய வேண்டியது. அதற்குப் பிறகு ஆண்டுதோறும் பேசித் தீர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இந்தச் செய்தி வந்தபின் தமிழில் நான் படித்ததெல்லாம் "மீனவனை விற்றுவிட்டார்கள்" என்றும், "இல்லை, வணிகத்தைக் காப்பாற்றினார்கள்" என்றும் இரண்டு கூச்சல்கள்தான்.

எந்த மீனவன் என்று யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் பதிவான மீன்பிடிப் படகுகளில் ஐந்தில் நான்கு பத்து மீட்டருக்கும் குறைவானவை. ஒருவர் அல்லது இருவர் போகும் படகுகள். அவற்றில் பெரும்பாலானவை பிடிப்பது பழுப்பு நண்டு, லாப்ஸ்டர், வெல்க் என்ற கடல் நத்தை, ஸ்காலப், காக்கிள் என்ற ஓட்டு உயிர்கள், சிப்பி மாதிரியானவை. லாங்கூஸ்டின் இறாலை விட்டால் இவை எதற்கும் கோட்டா, அதாவது ஆண்டுக்கு இவ்வளவுதான் பிடிக்கலாம் என்று நாடுகளுக்குப் பிரித்துத் தரும் பங்கு, கிடையாது.

2020 ஒப்பந்தத்தின் பெரிய வெற்றி என்று அரசு காட்டியது என்ன? பிரிட்டிஷ் கடலில் ஐரோப்பியப் படகுகள் வைத்திருந்த கோட்டாவின் மதிப்பில் 25 சதவீதம் ஐந்தரை ஆண்டுகளில் பிரிட்டன் கைக்கு வரும் என்பது. அதில் கணிசமான பங்கு மேக்கரல், ஹெர்ரிங் பிடிக்கும் பெரிய கப்பல்களுக்குப் போயிற்று. நண்டுக் கூடு வைப்பவருக்குக் கோட்டாவே இல்லாதபோது, கூடுதல் கோட்டா எப்படி அவர் கைக்கு வரும்? அவருக்கு வேண்டியிருந்தது பிரான்ஸின் கலே துறைமுகம் வரை தடையில்லாத ஒரு சாலை. அது ஏற்கெனவே இருந்தது. அதைத்தான் இழந்தார்.

என் கருத்து இது. மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

தேன்மொழி

பாதிதான் ஒத்துக்கொள்வேன் கரையோரன். நான் இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் பக்கம் பல வருடங்களாக இருக்கிறேன். இங்குள்ள கூடு மீனவர்கள் பலர் 2016-இல் வெளியேறத்தான் ஓட்டுப் போட்டார்கள். அதற்குக் கோட்டாவைத் தவிர வேறொரு காரணமும் இருந்தது.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை பிரிட்டிஷ் படகுகளுக்கு மட்டும் என்பது அவர்களுக்குக் காட்டப்பட்ட நம்பிக்கை. ஆறு மைலுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வெளிநாட்டு இழுவைப் படகுகள் வந்து கூட்டுக் கயிற்றோடு வாரிக்கொண்டு போனால், ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் முதலீடு போய்விடும். 1964 லண்டன் மீன்பிடி உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக 2017-இல் அரசு அறிவித்ததும் இங்கே எவ்வளவு மகிழ்ச்சி தெரியுமா? கடைசியில் 2020 ஒப்பந்தத்தில் ஆங்கிலக் கால்வாய், தெற்கு வட கடல், பிரிஸ்டல் கால்வாய்ப் பக்கம் அந்த 6–12 மைல் அனுமதி, முன்பு பிடித்த பதிவு உள்ளவர்களுக்கு அப்படியே தொடர்ந்தது. இப்போது 2038 வரை.

ஆக, கடலும் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. சந்தையும் போயிற்று. நீங்கள் இரண்டாவதை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

பனைமடல்

2021 ஜனவரியில் நான் ஸ்கொட்லாந்தில் கடலுணவு ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் பத்திர வேலை பார்த்தேன். அந்த மாதத்தை இந்த இழையில் யாராவது எழுதியே ஆகவேண்டும்.

மேற்குக் கரையில் கூடு வைத்துப் பிடிக்கிற லாங்கூஸ்டின் உயிரோடு ஸ்பெயினுக்கும் பிரான்ஸுக்கும் போகிறது. இங்கே அதை வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் குறைவு. டிசம்பர் 31 வரை நடைமுறை என்னவென்றால், மாலையில் லொறியில் ஏற்றினால் அடுத்த நாள் பிரான்ஸில் விற்பனைக்கு இருக்கும். எடின்பரோவுக்கு அனுப்புவதற்கும் பிரான்ஸின் பூலோன் துறைமுகத்துக்கு அனுப்புவதற்கும் காகித அளவில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஜனவரி 1 முதல் ஒவ்வொரு சரக்குக்கும் அரச அங்கீகாரம் பெற்ற மிருக வைத்தியர் கையொப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழ், எந்தப் படகு எங்கே பிடித்தது என்ற பிடிப்புச் சான்றிதழ், சுங்க அறிவிப்பு எல்லாம் வேண்டும். கட்டணம் சரக்குக்கு இவ்வளவு என்று வைத்தார்கள். கிலோவுக்கு என்று வைக்கவில்லை. முழு லொறி இறால் அனுப்புகிற பெரிய நிறுவனத்துக்கு அது சில்லறைக் காசு. பத்துப் பெட்டி அனுப்புகிறவருக்கு அந்த வார லாபமே அதுதான்.

அதைவிட மோசமான விஷயம் கூட்டுச் சரக்கு. சிறியவர்கள் தனி லொறி பிடிக்க மாட்டார்கள். இருபது பேருடைய பெட்டிகள் ஒரே லொறியில் போகும். அதில் ஒருவருடைய பத்திரத்தில் ஒரு குறியீடு பிழைத்தாலும் லொறி முழுக்க நிற்கும். உயிருள்ள சரக்கு அது, காத்திருக்காது. ஜனவரி முதல் வாரங்களில் சரக்குகளைச் சேர்த்து அனுப்பும் பெரிய லொறி நிறுவனம் ஒன்று சிறியவர்களின் கூட்டுச் சரக்கையே கொஞ்ச நாள் நிறுத்திவிட்டது. முழு லொறிக்காரர்கள் தாமதமாகவாவது போனார்கள். சிறியவர்களுக்கு வழியே இல்லை. வாங்குகிறவர்கள் விலையை இறக்கினார்கள், பிறகு கடலுக்குப் போக வேண்டாம் என்றே சொன்னார்கள்.

ஜனவரி 14 அன்று நாடாளுமன்றத்தில் அமைச்சராக இருந்த ஜேக்கப் ரீஸ்-மொக் எழுந்து, இவை இப்போது பிரிட்டிஷ் மீன்கள், அதனால் முன்னைவிட மகிழ்ச்சியாக இருக்கின்றன என்று பேசினார். நாலு நாள் கழித்து, 18-ஆம் திகதி, கடலுணவு லொறிகள் லண்டனில் அரச அலுவலகங்கள் இருக்கிற வைட்ஹோலுக்குப் போய் பிரதமர் வீட்டுக்குப் பக்கத்தில் நின்றன. எங்களுடைய அலுவலகத்தில் அதை நேரலையில் பார்த்தபோது ஒருவரும் பேசவில்லை. 2.3 கோடி பவுண்ட் நிவாரணம் என்று அறிவித்தார்கள். அது முதலில் நட்டப்பட்ட ஏற்றுமதியாளருக்குத்தான். ஏற்றுமதியாளர் வாங்க மறுத்ததால் படகைக் கட்டிப் போட்டிருந்தவருக்கு அதில் என்ன இருந்தது?

தேன்மொழி

நெஞ்சு கனக்கிறது பனைமடல் அண்ணா. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் கொரோனாவால் பிரான்ஸில் உணவகங்கள் மூடியிருந்தன, ஸ்பெயினிலும் பல கட்டுப்பாடுகள். விலை விழுந்ததற்கு அதுவும் காரணம். எல்லாவற்றையும் ஒப்பந்தத்தின் தலையில் கட்ட முடியாது.

பனைமடல்

சரிதான். ஆனால் உணவகங்கள் திரும்பத் திறந்துவிட்டன. சான்றிதழ் போகவில்லை.

இளவேனில்

அடிப்படைக் கேள்வி, தவறாக நினைக்காதீர்கள். பிரிட்டனில் ஆறரைக் கோடிக்கும் மேல் மக்கள் இருக்கிறார்கள். சொந்தக் கடலின் நண்டையும் மட்டியையும் அவர்களே சாப்பிட்டால் என்ன? ஏன் பிரான்ஸை நம்பி இருக்க வேண்டும்?

கரையோரன்

நல்ல கேள்விதான். பிரிட்டிஷ் வீடுகளில் காட், ஹேடாக், டூனா, சால்மன், இறால் இந்த ஐந்துதான் பெரும்பாலும் ஓடும். அவற்றில் பெரும்பகுதி இறக்குமதி. சொந்தக் கடலில் பிடிப்பதில் பெரும்பகுதி வெளியே போகிறது. வெல்வெட் நண்டு என்று ஒன்று இருக்கிறது, ஸ்பெயின்காரர்கள் தேடி வாங்குவார்கள், இங்கே கடையில் பார்ப்பதே அபூர்வம். வெல்க் நத்தை கொரியா வரைக்கும் போகிறது. ஊரடங்குக் காலத்தில் சில மீனவர்கள் துறைமுகத்திலேயே நேரடியாக விற்றார்கள், நன்றாகவே ஓடியது. ஆனால் ஒரு நாட்டின் நாக்கை ஐந்து வருடத்தில் மாற்ற முடியாது. படகுக் கடனுக்கு வங்கி அவ்வளவு காலம் காத்திருக்காது.

நம் ஆட்கள் இதில் விதிவிலக்கு என்று நினைக்கிறேன். லண்டனின் பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில் சனிக்கிழமை விடியற்காலையில் நண்டு வாங்க நிற்பவர்களில் தமிழ்க் குரல் கேட்காமல் இருக்காது.

உப்பங்கழி

இதுவரை எல்லோரும் நண்டையும் லாங்கூஸ்டினையும் பற்றிப் பேசினீர்கள். அவற்றுக்குக் காகிதம் கூடியது, செலவு கூடியது, ஆனால் கதவு திறந்திருந்தது. இரட்டை ஓட்டு உயிர்களுக்கு, அதாவது மட்டி, சிப்பி, காக்கிள் வகைகளுக்கு, கதவே மூடப்பட்டது. உணவு நுண்ணுயிரியல் என் துறை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மட்டியும் சிப்பியும் தண்ணீரை வடிகட்டி உண்பவை. தண்ணீரில் கழிவு கலந்திருந்தால் அந்தக் கிருமியும் சதைக்குள் சேரும். அதனால் அவை வளரும் கடற்பகுதிகளை ஈ. கோலை என்ற மலக்கழிவுக் கிருமியின் அளவை வைத்து வகைப்படுத்துகிறார்கள். 100 கிராம் சதையில் 230 என்ற எண்ணிக்கைக்குள் பெரும்பாலான மாதிரிகள் இருந்தால் 'ஏ' வகுப்பு, எடுத்து நேரே சாப்பிடலாம். 4,600-க்குள் இருந்தால் 'பி' வகுப்பு. அவற்றைச் சுத்தமான கடல்நீர்த் தொட்டியில், வழக்கமாக 42 மணி நேரம், வைத்துக் கிருமியை வெளியேற்றிய பிறகுதான் விற்க வேண்டும். அல்லது சூடாக்கிப் பதப்படுத்த வேண்டும்.

இங்கிலாந்து, வேல்ஸ் கடற்பகுதிகளில் பெரும்பாலானவை 'பி'. ஒன்றியத்துக்குள் இருந்தவரை 'பி' சரக்கை அப்படியே மொத்தமாகப் பிரான்ஸுக்கோ நெதர்லாந்துக்கோ அனுப்பலாம், சுத்திகரிப்பை வாங்குபவர் அங்கே செய்துகொள்வார். வேல்ஸின் மேனாய் நீரிணை மட்டி அப்படித்தான் போனது. அன்று பிரிட்டனின் மிகப் பெரிய மட்டி வளர்ப்புப் பகுதிகளில் ஒன்று அது. கார்ன்வாலின் ஃபால் கழிமுகத்துச் சிப்பியும் அப்படித்தான். ஃபாலைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே எந்திரம் போட்டுச் சிப்பி வாரச் சட்டம் இடம் தராது. இன்றைக்கும் பாயும் துடுப்பும்தான். நாட்டுச் சிப்பி அங்கே இன்னும் மிஞ்சியிருப்பதற்கு அந்தக் கட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம். இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் இடம்.

மூன்றாம் நாட்டிலிருந்து, அதாவது ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டிலிருந்து, சுத்திகரிக்காத 'பி' சரக்கு உணவுக்காக ஒன்றியத்துக்குள் வரக்கூடாது என்பது ஐரோப்பாவின் பழைய விதி. 2021 ஜனவரி 1 அன்று பிரிட்டன் மூன்றாம் நாடானது. அன்றைக்கே இந்த வாசல் அடைபட்டது. ஏப்ரலில் திறந்துவிடும் என்று அரசு மீனவர்களிடம் சொல்லிவந்தது. பிப்ரவரியில்தான் இது நிரந்தரம் என்று தெரிந்தது. சுற்றுச்சூழல் அமைச்சர் ஜார்ஜ் யூஸ்டிஸ் பிரஸ்ஸல்ஸுக்கு, அதாவது ஐரோப்பிய ஒன்றியத் தலைமையகத்துக்கு, கடிதம் எழுதினார். பதில் மாறவில்லை.

"தொட்டி கட்டிச் சுத்தம் செய்து அனுப்புவதுதானே" என்று சிலர் எளிதாகச் சொன்னார்கள். மொத்தமாக லாரி லாரியாகப் போகும் சரக்குக்குத் தொட்டி கட்ட முதலீடு வேண்டும், இடம் வேண்டும், நல்ல கடல்நீர் வேண்டும். அதைவிட, தொட்டியில் இரண்டு நாள் கிடந்த மட்டிக்கு வாழ்நாள் குறைகிறது. நெதர்லாந்தின் யெர்சேக்கா வணிகர்களுக்கு வேண்டியது கடலிலிருந்து நேரே வந்து, அவர்கள் தண்ணீரில் திரும்ப இறக்கி மணல் போக்கி விற்கக்கூடிய திடமான மட்டி. கையாளப்பட்டுச் சோர்ந்ததை அவர்கள் ஏன் வாங்க வேண்டும்?

தேம்ஸ் கழிமுகத்தின் லீ-ஆன்-சீ பக்கத்துக் காக்கிள்காரர்கள் தப்பித்ததற்கும் காரணம் இருக்கிறது. அவர்களுடையது பெரும்பாலும் கரையிலேயே வேகவைத்து விற்கும் சரக்கு.

தேன்மொழி

உப்பங்கழி ஐயா எழுதியதைப் படித்தபின் என் கோபம் வேறு பக்கம் திரும்புகிறது. தண்ணீர் ஏன் 'பி'? மழை பெய்தால் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றிலும் கடலிலும் திறந்துவிடுகிற குழாய்கள்தானே? பிரஸ்ஸல்ஸ் விதி போட்டது, சரி. ஆனால் கழிவைக் கலந்தது பிரஸ்ஸல்ஸ் அல்ல.

இந்த மீனவர்கள் தங்கள் கடலில் ஒரு சொட்டு அழுக்கும் சேர்க்கவில்லை. ஒரு மட்டி நாள் முழுக்கத் தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டே இருக்கிறது. அதை வளர்ப்பவர்தான் மற்றவர்களின் கழிவுக்கு அபராதம் கட்டுகிறார்.

கரையோரன்

அதோடு, ஸ்காட்லாந்தின் மட்டி வளர்ப்பிடங்கள் பெரும்பாலும் 'ஏ' வகுப்பு. அவர்களுக்கு ஐரோப்பா திறந்தே இருக்கிறது, காகிதத் தொல்லையோடு. ஒரே நாடு, ஒரே ஒப்பந்தம், ஆனால் தண்ணீரைப் பொறுத்து விதி மாறுகிறது.

பனைமடல்

தேன்மொழி அக்கா, குழாயின் குற்றம் உண்மைதான், ஆனால் பிரஸ்ஸல்ஸை முழுக்க விட்டுவிட முடியாது. 2020 டிசம்பர் 31 இரவு பாதுகாப்பாக இருந்த அதே மட்டி, அதே தண்ணீர், அதே சோதனை, அடுத்த நாள் காலையில் ஆபத்தானதாக மாறிவிட்டதா? சுத்திகரிப்பு எப்படியும் அங்கேதானே நடந்தது? விதியை எழுதியவர்களுக்கு இடைக்கால ஏற்பாடு ஒன்று செய்ய மனம் இருந்திருந்தால் வழி இருந்தது.

உப்பங்கழி

கிருமி கணக்கில் மாறவில்லை, பொறுப்புக் கணக்கில் மாறியது. உறுப்பு நாடாக இருந்தவரை பிரிட்டனின் கண்காணிப்பு ஐரோப்பியச் சட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கட்டுப்பட்டது. வெளியேறிய பிறகு அந்தக் கட்டு இல்லை. விதியை பிரிட்டனுக்காகப் புதிதாகவும் எழுதவில்லை. பிரிட்டன் உள்ளே இருந்தபோது மற்ற நாடுகளுக்கு அதுவும் சேர்ந்து வைத்த விதி. பேச்சுவார்த்தையில் இதற்கு ஒரு தனிப் பத்தி கேட்டிருக்கலாம். கோட்டா சதவீதத்துக்காகக் கடைசி இரவு வரை சண்டை போட்டவர்கள் இதைக் கவனிக்கவில்லை. என் வருத்தம் அங்கேதான்.

மாறன்

நான் பாரிஸிலிருந்து எழுதுகிறேன். மனைவியின் வேலை நிமித்தம் நோர்மண்டிக் கரையில் சில வருடம் இருந்தோம். எல்லோரும் பிரிட்டிஷ் பக்கத்தை மட்டும் பேசுகிறீர்கள், இந்தப் பக்கமும் சின்ன ஆட்கள் அடிபட்டார்கள்.

2018 ஓகஸ்டில் பிரான்ஸின் சேன் விரிகுடாவில் ஸ்காலப்புக்காக இரு நாட்டுப் படகுகளும் மோதியது நினைவிருக்கும். பிரெஞ்சுப் படகுகளுக்கு மே 15 முதல் ஒக்டோபர் 1 வரை ஸ்காலப் வாரத் தடை. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படகுகள் கண்ணுக்கு முன்னால் வாரிக்கொண்டு போனால் எரிச்சல் வராதா? அது பிரெக்ஸிட்டுக்கு முந்தியது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆட்களைத் தனித்தனியாகப் பிரித்தது.

பிரிட்டிஷ் முடியின் கீழுள்ள ஜெர்சி தீவு நோர்மண்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியும் தூரம். கிரான்வில் விரிகுடா உடன்பாடு என்று ஒன்று இருந்தது, இரு பக்கத்தாரும் சேர்ந்து அந்தக் கடலை நிர்வகித்தார்கள். 2021-இல் அது போய், ஒவ்வொரு பிரெஞ்சுப் படகும் தனியாக லைசென்ஸ் எடுக்க வேண்டிவந்தது. 2017 பெப்ரவரிக்கும் 2020 ஜனவரிக்கும் இடையில் ஏதாவது ஒரு பன்னிரண்டு மாதத்தில் பத்து நாளுக்கு மேல் அங்கே பிடித்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். பெரிய படகுகளில் செய்மதிக் கருவி இருக்கும், பதிவு தானாகவே உண்டு. 12 மீட்டருக்குக் குறைந்த படகில் அப்போது அந்தக் கருவியே கட்டாயமாக இருக்கவில்லை. வெல்க் கூடு வைக்கிற தகப்பனும் மகனும் தலைமுறையாக அங்கே போய்வந்ததை எந்தக் காகிதத்தில் காட்டுவார்கள்?

மே 6 அன்று ஏறத்தாழ அறுபது படகுகள் ஜெர்சியின் செயின்ட் ஹெலியர் துறைமுகத்துக்கு முன்னால் போய் நின்றன. பிரிட்டன் இரண்டு கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. அதற்குச் சில நாள் முன்னால்தான் பிரெஞ்சு அமைச்சர் அன்னிக் ஜிரார்தான் ஜெர்சிக்கு மின்சாரத்தை நிறுத்துவது பற்றிப் பேசியிருந்தார். தொலைக்காட்சியில் இதெல்லாம் வந்தது. வராதது என்னவென்றால், ஜெர்சியின் நண்டு மீனவருக்கும் சந்தை நோர்மண்டிதான். அந்த நாட்களில் அவருக்கும் இங்கே சரக்கு இறக்க விடவில்லை. வாங்கியவனும் விற்றவனும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆட்கள். அரசுகள் மோதும்போது அவர்களைத்தான் முன்னால் நிறுத்தினார்கள்.

தேன்மொழி

மாறன் அண்ணா, இதைத் தமிழில் இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி நான் படித்ததில்லை. நன்றி. பனைமடல் அண்ணா சொன்ன கூட்டுச் சரக்கு, நீங்கள் சொல்லும் பத்து நாள் ஆதாரம் இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். காகிதம் தயாரிக்க ஆள் வைத்திருப்பவர் தாண்டிவிடுகிறார்.

இளவேனில்

அப்போ 2025 உடன்பாட்டால் இவர்களுக்கு ஏதாவது நன்மை உண்டா, இல்லையா? 12 வருட அனுமதியைக் கொடுத்து அரசு வாங்கியது என்ன?

கரையோரன்

இரண்டு விஷயம். ஒன்று, மீன்பிடித் தொழிலுக்கும் கரையோர ஊர்களுக்கும் 12 ஆண்டுகளில் 36 கோடி பவுண்ட் நிதி. இது பிரிட்டனின் சொந்தப் பணம். வருடத்துக்கு 3 கோடி. அதில் கூடு மீனவருக்கு எவ்வளவு சேரும் என்பது யார் விண்ணப்பம் எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது, தேன்மொழி சொன்ன அதே கதை.

மற்றொன்று முக்கியம். உணவு, விலங்கு, தாவர நலத்துக்குப் பொதுவான உடன்படிக்கை ஒன்று செய்வதாக இரு பக்கமும் ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய உணவு விதிகளை பிரிட்டன் அப்படியே பின்பற்றும், மாறினால் சேர்ந்து மாறும், பதிலுக்கு எல்லைச் சோதனையும் சுகாதாரச் சான்றிதழும் பெருமளவு நீங்கும். அது நிஜமாகவே நடந்தால் சிறிய ஏற்றுமதியாளருக்கு 2020-க்குப் பிறகு கிடைக்கும் முதல் நிம்மதி.

என் நிலைப்பாட்டை நேராகச் சொல்கிறேன். 12 மைலைக் காக்க வேண்டும் என்று தேன்மொழி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் கூடு மீனவரிடம் 6–12 மைல் வேண்டுமா, கால்நடை மருத்துவர் கையெழுத்தில்லாமல் பூலோன் போகும் லாரி வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலோர் லாரியைத்தான் கேட்பார்கள் என்று நம்புகிறேன்.

தேன்மொழி

இங்கே கேட்டால் பதில் பாதிப் பாதியாக வரும். 2025-இல் எங்கள் பக்கம் ஆக்டோபஸ் பெருகி, கூட்டுக்குள் புகுந்து நண்டையும் லாப்ஸ்டரையும் தின்று தீர்த்தது. சிலர் ஆக்டோபஸையே பிடித்து விற்றுச் சமாளித்தார்கள், அதுவும் ஐரோப்பாவுக்குத்தான். நண்டையே நம்பியிருந்தவர்களுக்குக் காலிக் கூடுதான். அப்படி ஒரு வருடத்தில் சான்றிதழ்ச் செலவும் சேர்ந்தால் தாங்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூட்டை இழுவை வலை வாரிக்கொண்டு போனால் லாரியில் ஏற்ற என்ன இருக்கும்? இரண்டையும் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

பனைமடல்

கரையோரன் தம்பி எழுதியதில் ஒரு விஷயத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். சுகாதாரச் சான்றிதழ் போனாலும் சுங்க அறிவிப்பு போகாது. பிரிட்டன் சுங்க ஒன்றியத்துக்கு வெளியேதான் இருக்கிறது. பிடிப்புச் சான்றிதழும் சுகாதார விதியில் சேராத ஒன்று, திருட்டு மீன்பிடியைத் தடுக்க வைத்தது. ஆகவே கூட்டுச் சரக்கின் பிரச்சினை குறையும், தீராது. பத்திரத்தைச் சேர்ந்து தயாரிக்கத் துறைமுகம்தோறும் ஒரு கூட்டுறவு அலுவலகம் வைத்தால் சிறியவர்கள் பிழைப்பார்கள். அந்த 36 கோடியில் முதல் செலவு அதுவாக இருக்கவேண்டும் என்பது என் கோரிக்கை.

உப்பங்கழி

'பி' வகுப்புக்காரர்களுக்கு அந்த உடன்படிக்கையின் சொற்கள்தான் எல்லாம். பிரிட்டிஷ் தண்ணீரை ஒன்றியத்துக்குள் இருக்கும் தண்ணீர்போல நடத்துவார்கள் என்று எழுதப்பட்டால், மேனாயிலிருந்து யெர்சேக்காவுக்கு மட்டி லாரி மறுபடி போகும். மூன்றாம் நாடு என்ற வகை அப்படியே நின்று சான்றிதழ் மட்டும் எளிதானால், அவர்களுக்கு ஒன்றும் மாறாது. இறுதி வாசகத்தைப் பார்க்கிறவர்கள் இரட்டை ஓட்டு உயிர்கள் பற்றிய இணைப்பை இங்கே போடுங்கள், சேர்ந்து படிப்போம். நடுவில் தொழிலை மூடியவர்களின் படகும் பாத்தியும் இன்னும் யார் கையில் இருக்கிறது என்பதையும் யாராவது விசாரித்துச் சொன்னால் நல்லது. வாசல் திறந்தாலும், புதிதாக விதைத்த மட்டி விற்கும் அளவுக்கு வளர இரண்டு மூன்று வருடம் பிடிக்கும்.